திருச்சியில் ஐந்து இலட்சம், திருகோணமலையில் எவ்வளவு?

கேள்வி: நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். திருச்சியில் இருக்கும் அத்தான் தன்னுடைய 2020ஆம் ஆண்டு 1.2 லீட்டர் பெட்ரோல் காரை 5 இலட்சம் இந்திய ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இங்கே ஒரு புரோக்கர், எல்லாச் செலவும் சேர்த்து 35 இலட்சம் இலங்கை ரூபாயில் காரை திருகோணமலைத் துறைமுகத்திலேயே இறக்கித் தருவதாகச் சொல்லி 2 இலட்சம் முற்பணம் வாங்கிவிட்டார். எல்சி (வங்கி திறக்கும் கடன் கடிதம்) தேவையில்லை, பணத்தை வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பலாம், காரின் ஆண்டை 2024 என்று காட்டிக்கொள்ளலாம் என்கிறார். இது சரிவருமா?

பதில்: வராது. அத்தானிடம் காரை அங்கேயே விற்றுவிடச் சொல்லுங்கள்.

முதலில் வயது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மறுபடி திறந்துவிடப்பட்டது உண்மை. ஆனால் பாவித்த கார் என்றால் மூன்று வயதைத் தாண்டியிருக்கக்கூடாது. உற்பத்தித் திகதியிலிருந்து, காரைக் கப்பலில் ஏற்றியதற்குத் தரும் சரக்குச் சீட்டின் திகதி வரை எண்ணுவார்கள். உங்கள் அத்தானின் கார் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. இந்தியாவில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் அந்தச் சிக்கல் மட்டும் இல்லை. மற்றபடி இந்தக் காருக்குக் கதவு மூடித்தான் இருக்கிறது.

சரி, அத்தானிடம் இரண்டு வயதுக் கார் இருந்திருந்தால்? அப்போதும் 35 இலட்சம் என்பது கனவுக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற பலர் தவறுவது இங்கேதான். அங்கே கார் மலிவு, அதனால் வரியும் மலிவாக வரும் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் பெட்ரோல் காருக்கு விழும் பெரிய வரி காரின் விலையைப் பார்ப்பதே இல்லை, எஞ்சினின் சிசியைத்தான் பார்க்கிறது.

விலையும் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த சிஐஎஃப் பெறுமதி 20 இலட்சம் இலங்கை ரூபாய் என்று வையுங்கள். 2025இல் இருந்த வீதங்களின்படி சுங்க இறக்குமதி வரி 20 வீதம், 4 இலட்சம். அந்த வரியின் மேல் 50 வீத மேலதிக வரி, 2 இலட்சம். அடுத்தது உற்பத்தி வரி. ஒரு சிசிக்கு 3,850 ரூபாய் என்று வைத்தால் 1,200 சிசிக்கு 46 இலட்சத்து 20 ஆயிரம். கடைசியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதம். அதை வெறும் சிஐஎஃப் மேல் போடுவதில்லை. சிஐஎஃப், அதன் பத்து வீதம், மேலே சொன்ன வரிகள் எல்லாவற்றையும் கூட்டி, அந்த 74 இலட்சத்து 20 ஆயிரத்தின் மேல் போடுவார்கள். அது 13 இலட்சத்து 35 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக வரி மட்டும் ஏறத்தாழ 65½ இலட்சம். காரோடு சேர்த்தால் 85 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். அத்தான் பாசத்தில் பாதி விலைக்கே தந்து சிஐஎஃப் 10 இலட்சமாகக் குறைந்தாலும் வரி 60 இலட்சத்துக்குக் கீழே இறங்காது. பத்து இலட்சம் குறைத்ததற்கு வரியில் கிடைக்கிற ஆறுதல் ஐந்தரை இலட்சம்தான். பில்லில் விலையைக் குறைத்துப் போடலாம் என்று புரோக்கர் அடுத்ததாகச் சொன்னால் இந்தக் கணக்கை அவருக்குக் காட்டுங்கள். நீங்கள் நீட்டும் பில்லைச் சுங்கம் அப்படியே ஏற்க வேண்டும் என்றும் இல்லை. பெறுமதியை அவர்களே தீர்மானிக்கலாம்.

இதற்கு மேல் கிளியரிங் ஏஜண்ட் கூலி, துறைமுகக் கட்டணம், காரை எடுக்கத் தாமதித்தால் டெமரேஜ் எனும் தேக்கக் கட்டணம். காரை விடுவித்த பிறகு 90 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். தவறினால் சிஐஎஃப் பெறுமதியில் மாதம் 3 வீதம் தாமதக் கட்டணம். திருகோணமலைத் துறைமுகத்தில் இறக்கித் தருவது என்பதும் வெறும் வாய்ப்பேச்சு. இங்கே வருவது கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் போன்ற மொத்தச் சரக்கு. கார்கள் அம்பாந்தோட்டையிலோ கொழும்பிலோதான் இறங்குகின்றன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடுகிற கப்பலும் ஆட்களை ஏற்றுவதற்கு மட்டும்தான்.

ஆண்டை மாற்றிக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. இந்திய இலக்கத் தகட்டை வைத்து முதல் பதிவுத் திகதியை இணையத்தில் எவரும் பார்த்துவிடலாம். சேசிஸ் இலக்கத்திலும் ஆண்டு இருக்கிறது. பொய்ப் பிரகடனம் பிடிபட்டால் சுங்கக் கட்டளைச் சட்டத்தின்படி கார் பறிமுதலாகும், தண்டமும் வரும். பிரகடனத்தில் இறக்குமதியாளர் என்று இருக்கப்போவது உங்கள் பெயர். புரோக்கரின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. உண்டியலும் அப்படித்தான். வாகனத்துக்கான பணம் வங்கி வழியாக, எல்சி திறந்து போக வேண்டும். எல்சி இல்லாமல் கப்பலேறிய கார் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்.

இனி அந்த 2 இலட்சம். நடக்க முடியாத ஒன்றை நடத்தித் தருவதாகச் சொல்லி வாங்கிய பணம் அது. திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதினான்கு நாள் தவணை வைத்து ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தராவிட்டால், இந்த அளவு தொகைக்கு நேராக நீதிமன்றம் போக முடியாது. முதலில், பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் உங்கள் பகுதி மத்தியஸ்த சபை. அங்கே தீராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழுடன் நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். எழுத்தில் உடன்படிக்கை இருந்தால் ஆறு வருடம் வரை வழக்கிடலாம், வாய்ப்பேச்சு என்றால் மூன்று வருடம்தான். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் பொலிஸில் மோசடி முறைப்பாடும் செய்யலாம். ஆனால் ஆண்டை மாற்றுவதற்கு நீங்களும் 'ஓம்' என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருந்தால், பொலிஸுக்குப் போகுமுன் அந்தச் செய்திகளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். எதையும் அழித்துவிட வேண்டாம். பணம் கைமாறியதற்கு அதுவே உங்களிடம் உள்ள ஒரே சாட்சியாக இருக்கலாம்.

விடுதிக்கு வாகனம் அவசரம் என்றால் இங்கே ஏற்கனவே பதிவான ஒன்றைப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.