கேளுங்கள், சொல்கிறேன்: மாநாட்டுக்குக் கடையை மூடத்தான் வேண்டுமா?

கேள்வி: மே 5 வணிகர் தினத்துக்கு வருஷா வருஷம் கடையை அடைத்துவிட்டு, வண்டி பிடித்து மாநாட்டுக்குப் போய் வருகிறோம். இந்த முறை எங்கள் கடைத்தெருவிலேயே பகலில் கூட்டம், சாயங்காலம் தெருவிழா என்று நடத்தலாமே என்று சங்கத்தில் பேச்சு. பெரியவர்கள் 'வெட்டிச் செலவு' என்கிறார்கள். நடத்தலாமா?
- மளிகை வியாபாரி, கோவில்பட்டி

பதில்: தாராளமாக நடத்துங்கள். மாநாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஜிஎஸ்டி, அபராதம், ஆன்லைன் கம்பெனிகளின் தள்ளுபடி இதெல்லாம் அரசாங்கத்தின் காதில் விழ வேண்டுமென்றால் கூட்டம் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பந்தலில் வாடிக்கையாளரை மட்டும் காணோம். அவரைப் பொறுத்தவரை வணிகர் தினம் என்பது சர்க்கரை வாங்கப் போனால் கடை பூட்டிக் கிடக்கிற நாள்!

சிகாகோவில் ஆண்டர்சன்வில் என்று ஸ்வீடன்காரர்கள் குடியேறிய பழைய பகுதி ஒன்று இருக்கிறது. அங்குள்ள வர்த்தக சங்கம் ஜூன் மாதத்தில் கிளார்க் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு மிட்சோமர்ஃபெஸ்ட் என்ற தெருவிழாவை நடத்துகிறது. ஆட்டம் பாட்டத்தோடு அவர்கள் நிற்கவில்லை. 2004-இல் வந்த ஓர் ஆய்வின் கணக்கும் அவர்கள் கையில் இருக்கிறது: உள்ளூர்க் கடையில் 100 டாலர் செலவழித்தால் 68 டாலர் சிகாகோவிலேயே சுற்றுகிறது, கிளை பரப்பிய பெரிய கம்பெனிக் கடையில் செலவழித்தால் 43 தான். உங்கள் பகல் கூட்டத்தில் முதலில் இப்படி ஒரு கணக்கைப் போடுங்கள். தெருவில் எத்தனை பேருக்குச் சம்பளம் போகிறது, பில் புக் எங்கே அச்சாகிறது, ஷட்டர் ரிப்பேருக்கு யார் வருகிறார், கோயில் கொடைக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார், எல்லாம். அதைத் தட்டியில் எழுதிச் சாயங்காலம் தெருமுனையில் வையுங்கள்.

கேள்வி: உள்ளூரில் வாங்கினால் காசு ஊரிலேயே தங்குமாம். அண்ணாச்சி கடையிலும் அதே கம்பெனி சோப்பு, அதே பிஸ்கட்தானே?
- வாசகர், சாத்தூர்

பதில்: நியாயமான சந்தேகம். சோப்பை எங்கே வாங்கினாலும் விலையில் பெரும்பங்கு கம்பெனிக்குத்தான். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்ணும் உள்ளூர்க்காரர்தான், அவர் சம்பளமும் இங்கேதான் செலவாகும். வித்தியாசம் வருவது லாபத்திலும், கணக்கு எழுதுவது, விளம்பரம், சரக்குக் கொள்முதல் என்று தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுகிற வேலைகளிலும்தான். ஆனால் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய் கதை வேறு. கடலை சுற்றுவட்டாரக் கரிசல் மண்ணிலிருந்து வருகிறது, வெல்லம் தேனிப் பக்கத்திலிருந்து, கிண்டுகிறவரும் உள்ளூர்க்காரர். அதனால் மேலே எழுதியிருக்கும் மளிகைக்காரருக்கும் சொல்கிறேன், விழாவில் முன்வரிசையைக் கடலைமிட்டாய்க்கும் சேவுக்கும் தீப்பெட்டிக்கும் கொடுங்கள். ஸ்பான்சர் பணம் தருகிறேன் என்று பைக் கம்பெனியும் வங்கியும் வாசலில் பேனர் கட்ட வரும், பின்னால் இடம் காட்டுங்கள்.

கேள்வி: ஊர்ப்பற்றுக்காக நான் ஐந்து ரூபாய் கூடக் கொடுக்க வேண்டுமா?
- இல்லத்தரசி, மதுரை

பதில்: வேண்டாம். உளுந்தை அள்ளிப் பார்த்து வாங்குவது, புழு இருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொள்வது, மாசக் கடைசியில் நோட்டில் எழுதச் சொல்வது, இவற்றுக்கு மதிப்பு உண்டு என்றால் போங்கள். எம்.ஆர்.பி.க்கு மேலே 'ஃப்ரிட்ஜ் கூலி' என்று இரண்டு ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள், அது சட்டப்படியே தப்பு.

கேள்வி: தெருவை மூட என்னென்ன செய்ய வேண்டும்? (கோவில்பட்டி வாசகரின் இன்னொரு கேள்வி)

பதில்: போலீசிடமும் நகராட்சியிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போக ஒரு பக்கம் வழி விட வேண்டும். அப்புறம், தெருவோரம் பூவும் பழமும் விற்கிறவர்களை விழாவுக்காகக் கிளப்பிவிடாதீர்கள். 2014-ஆம் வருஷச் சட்டமே அவர்கள் பிழைப்புக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது, சங்க ரசீது இல்லையே தவிர அவர்களும் சொந்தத் தொழில் செய்கிறவர்கள்தான். மே 5 என்றால் அக்னி நட்சத்திரம் வேறு தொடங்கியிருக்கும், ஐந்து மணிக்கு முன்னால் குடும்பத்தோடு யாரும் வரமாட்டார்கள். தண்ணீர்ப் பந்தலுக்கு முதலிலேயே ஆள் போட்டுவிடுங்கள்.