வேலை இல்லாத காலத்தில் வரவேண்டிய காசு: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து இருபது வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். இந்த வாரம் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை பற்றியே நிறையப் பேர் கேட்டார்கள். பலருக்கும் உதவுமே என்று சேர்த்து எழுதுகிறேன்.

பி.ஏ. முடித்து எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்து ஆறு வருஷம் ஆச்சு. மாசம் 600 ரூபாய் கிடைக்கும்னு சொல்றாங்க. வாங்கினா சீனியாரிட்டி போயிடுமாம், நிஜமா அண்ணா?

போகாது தம்பி. இந்தப் பயத்தாலேயே எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள். உதவித்தொகை வாங்கினாலும் பதிவு அப்படியே இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால்தான் ஆபத்து. அட்டையில் அடுத்த புதுப்பித்தல் எந்த மாதம் என்று இன்றே பாருங்கள்.

பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். வயது 40க்குள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45க்குள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும். மூன்று வருடம் வரும். பட்டதாரிக்கு மொத்தம் 21,600 ரூபாய். குறைவுதான், உயர்த்த வேண்டிய தொகைதான். ஆனாலும் பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் வீட்டில் கை நீட்டாமல் இருக்கலாம். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது கிடையாது.

அப்பா கொத்தனாருக்குக் கையாள். வருமானச் சான்றில் 96,000னு போட்டுட்டாங்க. அவ்வளவுதானா?

நான் அதிகம் பார்க்கிற சிக்கல் இது. 72,000 என்றால் மாதம் 6,000. கட்டட வேலையில் நாள் கூலியைக் கேட்டுவிட்டு மாதம் முழுக்க வேலை இருந்ததாகப் பெருக்கிப் போட்டால் எந்தக் கூலிக் குடும்பமும் வரம்பைத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் வேலை நின்ற நாட்களும், அப்பா முதுகுவலியில் படுத்த நாட்களும் அந்தக் கணக்கில் வராது.

சண்டை போடாதீர்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் விஏஓவைப் பாருங்கள். போன வருடம் எந்த மாதம் எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மனுவோடு இணையுங்கள். போன மாதம் ஒரு அம்மா காலண்டர் தாள்களையே கொண்டு வந்தார். கணவர் வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் பென்சிலில் ஒரு கோடு. ஐப்பசியில் நாலே கோடு. ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். குறைத்துக் காட்டப் பொய் எழுதினால் பின்னால் தலைவலி உங்களுக்குத்தான்.

தபால் வழியில் எம்.ஏ. படிக்கிறேன். தடையா?

இல்லை. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்குத்தான் கிடையாது.

ஒரு வருஷம் வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. ஏன்னே தெரியலை.

சுய உறுதிமொழி ஆவணம் கொடுத்தீர்களா தங்கச்சி? இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நின்றுவிடும். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். கொடுக்கும் தாளுக்கெல்லாம் ஒரு நகல் வைத்து, அதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். என் தம்பிக்கு ஒரு அலுவலகத்தில் "நீ கொடுக்கவே இல்லை" என்று சொன்னபோது எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. அந்த வருடப் பணம் போனது போனதுதான்.

தம்பிக்குக் கால் ஊனம், பிளஸ் டூ முடிச்சிருக்கான். இதே விதிதானா?

மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு. பதிவு செய்து ஒரு வருடம் ஆனால் போதும், வருமான வரம்பு இல்லை, பத்து வருடம் வரும். பிளஸ் டூவுக்கு மாதம் 750, பட்டதாரிக்கு 1,000, பத்தாம் வகுப்பு வரை 600.

மில்லில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், ஈஎஸ்ஐ பிடித்தார்கள். இப்போது வேலை இல்லை. ஏதாவது வருமா ஐயா?

முதலில் ஒன்று சொல்லுங்கள் ஐயா. மில்லையே மூடிவிட்டார்களா, சட்டப்படி ஆட்குறைப்பு செய்தார்களா, இல்லை வேறு வகையில் வேலை போனதா? இதைப் பொறுத்துத் திட்டமே மாறும், பலர் தவறான பக்கம் போய் நிற்கிறார்கள்.

ஈஎஸ்ஐ என்பது கூலியில் பிடிக்கும் தொழிலாளர் காப்பீடு, அதில் இரண்டு திட்டம் உண்டு. மூடல் அல்லது ஆட்குறைப்பு என்றால் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. 2005இல் வந்தது. முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு, கூடவே ஈஎஸ்ஐ மருத்துவமும் உண்டு. ஒன்பது வருடம் சந்தா கட்டிய உங்களுக்கு இதுதான் பெரிய தொகை. மூடல் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

மற்றபடி வேலை போனவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. நாள் கூலி 500 என்றால் 22,500 வரை. வேலை போய் 30 நாள் ஆனதும் கேட்கலாம். பழைய முதலாளி கையெழுத்துப் போட மாட்டேன் என்றாலும் கவலை வேண்டாம், ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நேரடியாகவே கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் இல்லை. காலக்கெடு வைத்து நீட்டித்து வரும் திட்டம் என்பதால், கிளைக்குப் போனதும் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மகளிர் உரிமைத் தொகை நிராகரிச்சுட்டாங்க. வீட்டுல நாலு சக்கர வண்டி இருக்காம். எங்ககிட்ட சைக்கிள்தான் இருக்கு.

வீட்டுக்காரர் எப்போதாவது பழைய வேன், கார் வாங்கி விற்றாரா அம்மா? விற்றும் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் வண்டி இன்னும் அவர் பெயரில்தான் கணினியில் இருக்கும். ஆர்டிஓ அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு வழி பாருங்கள். நிராகரித்த குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். வண்டி வேலை முடியட்டும் என்று அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

"உனக்கெல்லாம் வராது, போ"னு வாயாலேயே சொல்லி அனுப்பிட்டாங்க.

வாயால் சொன்னதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, நிராகரிப்பதானால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லையா? ஒரு வெள்ளைத்தாளில் "எனது இத்தனாம் தேதி மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

புரோக்கர் 500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகைப் படிவம் இலவசம். நிரப்பத் தெரியாவிட்டால் அட்டை, மார்க் ஷீட், ஆதார், பாஸ்புக் நாலையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வாசலில்தான் இருப்பேன். இந்த ஒரு படிவத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.