மாற்றம் எதுவும் செய்யாமல் பில்ட் செய்த கேம் பாய் அட்வான்ஸ் ஃபிளாஷ் கார்ட் கர்னல் ஏன் வெள்ளைத் திரையில் நிற்கிறது?

நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தயாரிப்பாளர் கொடுத்த கர்னல் கோப்பை, அதாவது எஸ்டி கார்டிலிருந்து கேம்களை ஓட்டும் இந்தக் கார்ட்ரிட்ஜின் மெனுவைக் காட்டும் நிரலைப் போட்டால் மெனு ஒழுங்காக வருகிறது, அதே சோர்ஸை ஒரு எழுத்துகூட மாற்றாமல் புதிய டெவ்கிட்ஆர்மில் (ஜிசிசி கம்பைலர் அடங்கிய பில்ட் கருவித் தொகுப்பு) பில்ட் செய்து போட்டால் வெள்ளைத் திரை. அப்படியென்றால் எஸ்டி கார்டு, பேட்டரி, கார்ட்டின் பின்கள் எதையும் இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம், பழைய கர்னல் அதே வன்பொருளில்தானே ஓடுகிறது. தொடக்க லோகோ தாண்டிப் போகிறது என்பதால் கர்னல் கோப்பின் தலைப்பகுதியான ஹெடரும் சரிதான். கன்சோலின் தொடக்க நிரலான பயாஸ், ஹெடரில் உள்ள அந்த 156 பைட் லோகோவையும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடும். மிச்சம் இருப்பது கம்பைலர்.

நானும் இதே இடத்தில் மூன்று வார இறுதிகள் மாட்டிக்கொண்டிருந்தேன். எஸ்டி டிரைவர் கோடை வரிவரியாகப் படித்தேன், தப்பே கிடைக்கவில்லை, ஏனென்றால் தப்பு சி கோடில் இல்லவே இல்லை.

முதலில் இந்தக் கார்ட்டுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். கன்சோலின் ஆர்ம்7 பிராசசர் கார்ட்டை ஹெக்ஸ் 08000000 முகவரியிலிருந்து தொடங்கும் ஒரு ரோமாக, அதாவது வாசிக்க மட்டும் முடிந்த நினைவகமாகப் பார்க்கிறது. எஸ்டி கார்டு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. கர்னல் சில முகவரிகளில் குறிப்பிட்ட வரிசையில் சில எண்களை எழுதும், கார்ட்டுக்குள் இருக்கும் எஃப்பிஜிஏ (நிரல்படுத்தக்கூடிய சிப்) அதைப் பூட்டு திறக்கும் சைகையாக எடுத்துக்கொண்டு, ரோம் இருந்த இடத்தில் எஸ்டியிலிருந்து வரும் தரவைக் காட்டும். அந்த நொடியில் உங்கள் கோட் ரோமிலிருந்து ஓடிக்கொண்டிருந்தால் பிராசசர் அடுத்த கட்டளையை எடுக்கப் போகும் இடத்தில் கட்டளையே இருக்காது. அதனால்தான் எஸ்டியைத் தொடும் ஃபங்ஷன்கள் எல்லாம் கன்சோலின் சொந்த நினைவகத்தில் இருக்க வேண்டும்: 02000000-இல் உள்ள 256 கேபி அல்லது 03000000-இல் உள்ள 32 கேபி. சோர்ஸில் அந்த ஃபங்ஷன்களின் தலையில் ஐடபிள்யூராம் கோட் என்று ஒரு மேக்ரோ ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்குத்தான்.

அந்த மேக்ரோ ஃபங்ஷனை மட்டும்தான் நகர்த்தும், அந்த ஃபங்ஷன் கூப்பிடுவதை நகர்த்தாது. நீங்கள் ஒரு சின்ன ஃபார் லூப் போட்டு 512 பைட்டைப் பஃபருக்கு நகலெடுக்கிறீர்கள், கம்பைலர் அதைப் பார்த்து "இது மெம்காப்பிதானே" என்று முடிவு செய்து லூப்பை எடுத்துவிட்டு மெம்காப்பி என்ற நகலெடுக்கும் ஃபங்ஷனுக்கு ஒரு அழைப்பைப் போட்டுவிடும். மெம்காப்பி நியூலிப் என்ற சி லைப்ரரியில் இருக்கிறது, நியூலிப் ரோமில் இருக்கிறது, ரோம் அந்த நேரத்தில் காணாமல் போயிருக்கிறது. ஜிசிசியின் பழைய பதிப்புகளில் இந்த மாற்றம் ஓ3 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில்தான் நடந்தது, 10-ஆம் பதிப்பிலிருந்து அதற்குக் கீழான ஓ2 நிலையிலேயே நடக்கிறது. அதே 10-ஆம் பதிப்பில் இன்லைன் செய்வதும் (கூப்பிடும் இடத்திலேயே ஃபங்ஷனின் கோடை ஒட்டுவது) ஓ2-வில் தாராளமாகிவிட்டது, ஆகவே நீங்கள் உள் நினைவகத்துக்கு அனுப்பிய ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷனையே தூக்கி, ரோமில் இருக்கும் இன்னொரு ஃபங்ஷனுக்குள் ஒட்டிவிடவும் வாய்ப்பு உண்டு. சோர்ஸ் மாறவில்லை, ஆனால் வெளியே வரும் பைனரி முற்றிலும் வேறு.

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டது, ஒரு தடவை ஆப்டிமைசேஷனைக் குறைத்தபோது மெனு வந்தது ஆனால் சேவ் கோப்புகள் குப்பையாகிவிட்டன என்று. அதற்கும் இதே குடும்பத்துக் காரணம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சேவ் சேமிக்கப்படும் எஸ்ராம் நினைவகத்தின் பஸ் (தரவுப் பாதை) 8 பிட் அகலம் மட்டுமே. அதை ஒவ்வொரு பைட்டாகத்தான் படிக்கவும் எழுதவும் வேண்டும், மெம்காப்பியோ நான்கு நான்கு பைட்டாக அள்ளும், ஒரே பைட் நான்கு முறை திரும்பத் திரும்ப வந்து விழும். சேவ் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள், பைட்டுகள் நான்கு நான்காக ஒரே மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். சேவ் பகுதியைத் தொடும் பாயின்ட்டரை வாலடைல் என்று அறிவித்தால் கம்பைலர் அந்த லூப்பில் கை வைக்காது.

இதை ஊகமாக விடாமல் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. ஆப்ஜ்டம்ப் கருவியால், பில்டில் வரும் எல்ஃப் கோப்பை அசெம்பிளியாக விரித்து, 03000000-இல் தொடங்கும் பகுதியில் உள்ள ஒவ்வொரு ஃபங்ஷனும் எங்கே தாவுகிறது என்று பாருங்கள். மெம்காப்பி, மெம்செட், அப்புறம் வகுத்தலுக்கான உதவி ஃபங்ஷன் (ஆர்ம்7-இல் வகுத்தல் கட்டளை கிடையாது, ஒரு சாதாரண வகுத்தல் குறிகூட லைப்ரரிக்குப் போகும்) இவற்றில் எது தென்பட்டாலும் அதுதான் ஆள். கான்ஸ்ட் என்று போட்ட அட்டவணைகளும் ரோமில்தான் உட்காரும், அதையும் மறக்காதீர்கள்.

திருத்துவது எளிது. எஸ்டி டிரைவர் கோப்புக்கு மட்டும் ட்ரீ லூப் டிஸ்ட்ரிப்யூட் பேட்டர்ன்ஸ் என்ற ஆப்டிமைசேஷனை, பெயருக்கு முன்னால் நோ சேர்க்கும் கொடி மூலம் நிறுத்துங்கள், உள் நினைவகத்து ஃபங்ஷன்களுக்கு நோஇன்லைன் போடுங்கள், வகுத்தலை முடிந்த இடங்களில் பிட் ஷிஃப்ட்டாக மாற்றுங்கள். இன்டரப்டையும் பாருங்கள்: எஸ்டி திறந்திருக்கும் நேரத்தில் விபிளாங்க் இன்டரப்ட் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரும் குறுக்கீடு) வந்து அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ரோமில் இருந்தால் அதே கதைதான், ஆகவே திறப்பதற்கு முன் இன்டரப்டை மொத்தமாக அணைத்துவிட்டு, மூடிய பிறகு போடுங்கள். பில்ட் செய்யும்போது மல்டிபிள் டெஃபனிஷன் என்று பிழைகள் வந்திருந்தால் அதுவும் ஜிசிசி 10, பல கோப்புகளில் ஒரே பெயரில் உள்ள மாறிகளை ஒன்றாக்கும் காமன் வழக்கத்தை விட்டுவிட்டதால் வருவது. கொடி போட்டு அமுக்காமல், ஹெடரில் எக்ஸ்டர்ன் போட்டு ஒரே ஒரு சி கோப்பில் வரையறுத்துவிடுங்கள்.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அதிகம் உதவியது நிறம். வெள்ளைத் திரை என்றால் பெரும்பாலும் ஃபோர்ஸ்டு பிளாங்க் (திரையை வெறுமையாக வைக்கும் நிலை) இன்னும் நீங்கவில்லை என்று அர்த்தம். தொடக்கத்திலேயே 04000000-இல் பூஜ்யம் எழுதினால் அது நீங்கி, பின்னணி நிறம் தெரியும். அந்த நிறம் 05000000-இல் இருக்கும் 16 பிட் எண்: 31 எழுதினால் சிவப்பு, 992 பச்சை, 31744 நீலம். எஸ்டி திறக்கும் முன் சிவப்பு, முதல் செக்டர் படித்ததும் பச்சை, எஸ்டியின் ஃபேட் கோப்பு முறைமை மவுன்ட் ஆனதும் நீலம் என்று வைத்துக்கொண்டால் கன்சோலே சொல்லிவிடும். எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டர் மெனு வரைவதைச் சோதிக்க நல்லது, ஆனால் உங்கள் கார்ட்டின் எஃப்பிஜிஏ அதில் இல்லை, இந்தப் பிழை அங்கே தலை காட்டாது.

கார்ட் செத்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. கர்னலும் எஃப்பிஜிஏ ஃபர்ம்வேரும் வேறு வேறு. கர்னல் கெட்டால் மீட்கலாம்: ஈஸி-ஃபிளாஷ் ஒமேகாவில் ஆர் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் எஸ்டியில் இருக்கும் கர்னல் கோப்பை மறுபடி எழுதிக்கொள்ளும், மற்ற கார்ட்டுகளிலும் இப்படி ஒரு பட்டன் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஸ்டார்ட், செலக்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆன் செய்து, லிங்க் கேபிள் வழியே 256 கேபிக்குள் அடங்கும் ஒரு மீட்பு நிரலை மல்டிபூட்டில் அனுப்பி அதிலிருந்து கார்ட்டை எழுதலாம், கொஞ்சம் வேலை பிடிக்கும். எஃப்பிஜிஏ ஃபர்ம்வேரை மட்டும் இந்தச் சோதனைகள் முடியும் வரை தொடாதீர்கள், எதை எழுதினாலும் புது பேட்டரி போட்டுவிட்டு எழுதுங்கள்.

நிறம் எதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஃபங்ஷனின் அசெம்பிளியை இங்கே கமென்ட்டில் போடுங்கள், நானும் பார்க்கிறேன்.