ஷிப்ட் முடிந்து பத்தாம் வகுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன், வயது 41. ஒன்பதாவது முடித்த வருஷம் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், படிப்பு அதோடு நின்றது. இப்போது மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அடுத்த வருஷம் அவளோடு நானும் பத்தாவது எழுதினால் என்ன என்று ஆசை. இந்த வயதில் விடுவார்களா, பசங்களோடு உட்கார வைப்பார்களா? கணக்கு என்றாலே எனக்குக் கை நடுங்கும். (பெயர் வேண்டாம் என்கிற வாசகி, திருப்பூர்)

பதில்: தாராளமாக எழுதலாம், சகோதரி. பதினாலரை வயது முடிந்திருக்க வேண்டும் என்பார்களே தவிர, இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வைத்திருக்கும் பெயர் 'நேரடித் தனித்தேர்வர்'. பெரும்பாலும் தனித்தேர்வர்களுக்கென்றே தேர்வு மையம் போடுவார்கள், அங்கே போய்ப் பார்த்தால் உங்களைவிட மூத்தவர்களும் ஹால் டிக்கெட்டும் கையுமாக நிற்பார்கள்.

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, அவர்கள் ஒதுக்கும் பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். இந்தப் பதிவு தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். விண்ணப்பத்துக்காவது தேதி தவறினால் கூடுதல் பணம் கட்டி தக்கலில் போடலாம், செய்முறையை விட்டால் ஒரு வருஷம் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஐந்து பாடத்தையும் கரைத்துக் குடித்துவிட்டு டிசம்பரில் போய் நின்றார், "செய்முறை பண்ணினீங்களா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அதனால் கோடை விடுமுறை முடியும்போதே உங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு தடவை நேரில் கேட்டு வைத்துவிடுங்கள். போகும்போது பழைய மாற்றுச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துப் போங்கள். இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே சரிசெய்வது நல்லது.

செய்முறை ஒன்றும் பூதமில்லை. மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடுகாட்டினால் நீலம் போய் வெளுக்கும், குழாயின் மேல்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும், நீரேறிய உப்பு என்று எழுத வேண்டியதுதான்.

சரி, கணக்கு. நூறுக்கு 35 வேண்டும். கடைசிப் பகுதியில் எட்டெட்டு மதிப்பெண்ணாக இரண்டு கேள்வி, ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம் (கிராஃப்). இரண்டிலும் 'அல்லது' உண்டு. பேட்டர்ன் அட்டை வைத்துத் துணி வெட்டுவதைப் பார்த்தே பழகிய கண் உங்களுடையது, ஒரு முக்கோணத்தை அதே சாயலில் பெரிசாக்கி வரைவதும் எம் சைஸ் அட்டையை எல் சைஸ் ஆக்குவதும் ஏறக்குறைய ஒரே வேலை. ஜியாமெட்ரி பாக்ஸை வாங்கிப் படிப்படியாக வரைந்து பழகினால் அந்தப் 16ஐ நம்பலாம். ஒரு மதிப்பெண் கேள்வி 14, அதற்கு ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் இருப்பதை விடாமல் போடுங்கள், பத்து மதிப்பெண்ணாவது தேறும். பாக்கி ஒன்பதுக்கு முதல் பாடத்துக் கார்ட்டீசியன் பெருக்கலும் அணிகளும் போதும். முக்கோணவியலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம் (கணக்கு வாத்தியார்கள் என்னைத் திட்டட்டும்).

தமிழில் படிவம் நிரப்புதல், கடிதம் எல்லாம் வரும், ரேஷன் கடையிலும் பேங்கிலும் நிரப்பாத படிவமா? ஆங்கிலத்தில் வழி சொல்லும் கேள்வியையும் மனப்பாடப் பாட்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். சமூக அறிவியலில் வரைபடத்தில் இடம் குறிப்பதை வாரம் ஒருமுறையாவது வெறும் படத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நாளில் படிக்க முடியாது, படிக்கிறேன் என்று உட்கார்ந்து தூங்கவும் வேண்டாம். மகளோடு ஞாயிறு காலை மூன்று மணி நேரம், மற்ற நாளில் அரை மணி. அவள் சொல்லிக் கொடுக்கட்டும், கொஞ்சம் அதட்டவும் செய்வாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2003இல் பத்தாவதில் ஆங்கிலம் போய்விட்டது. அன்றைக்கு வைத்திருந்த நோட்டெல்லாம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துப் படித்தால் ஆகாதா? (மளிகைக் கடைக்காரர், தேனி)

பதில்: நோட்டைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் படிக்காதீர்கள். நீங்கள் எழுதப் போவது இப்போதைய பாடத்திட்டத்தில். பாடப்புத்தகம் 2019இல் மாறிவிட்டது, அதே கல்வியாண்டில் மொழிப் பாடங்களின் இரண்டு தாளையும் ஒரே தாளாக்கிவிட்டார்கள். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுங்கள், அந்தப் பதிவெண் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

கேள்வி: வயது 47. படித்தால் மண்டையில் ஏறுகிறது, எழுதினால் பத்து நிமிஷத்தில் விரல் கடுக்கிறது, வரியும் ஏறி இறங்குகிறது. ஞாபக மறதிக்கு எதாவது சாப்பிடலாமா? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

பதில்: மண்டையில் ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் மறதிக்கு எதற்கு மருந்து? இருபது வருஷமாகக் கையெழுத்து மட்டும் போட்ட விரல் கடுக்கத்தான் செய்யும். முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள், வெள்ளெழுத்தாக இருக்கலாம், நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போடாமலேயே தங்களை மக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது தினமும் இரண்டு பக்கம், எதையாவது பார்த்து எழுதுங்கள், அடுத்த மாதம் நான்கு பக்கம். தேர்வு மூன்று மணி நேரம், அதற்கு முன்னால் வினாத்தாள் படிக்கவும் விவரம் நிரப்பவும் 15 நிமிஷம் தருவார்கள். பேனாவைக் கடைசி நேரத்தில் மாற்றாதீர்கள், எழுதிப் பழகியதையே கொண்டுபோங்கள். கண்ணாடியையும்.