கேள்வி – பதில்: அடுப்புப் புகையில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகள் வரலாற்றில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ‘எரிசக்தியும் உடல்நலமும்: வரலாறு’ என்று ஓர் ஆராய்ச்சி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். போடட்டுமா என்று கேட்கிறாள். கரண்டுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாகப் போடச் சொல்லுங்கள் ஆச்சி. விறகோ, நிலக்கரியோ, மண்ணெண்ணெயோ, எதை எரித்தாலும் அந்தப் புகை யாரோ ஒருவர் நெஞ்சுக்குள்தான் போகிறது. அது யார், அவர்களை என்ன செய்தது, தெரிந்த பிறகும் ஏன் இத்தனை காலம் சும்மா இருந்தார்கள் என்று தேடுவதுதான் இந்த வேலை.

லண்டனில் புகைக்கூண்டு சுத்தம் செய்யச் சின்னப் பையன்களை உள்ளே ஏற்றிவிடுவார்கள். வளர்ந்த பிறகு அவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதற்குக் மேலே படியும் புகைக்கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இல் எழுதினார். அதே லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் நிலக்கரிப் புகை மூட்டம். அப்போது 4,000 பேர் இறந்ததாகச் சொன்னார்கள், பிற்காலக் கணக்கு 12,000 வரை போகிறது. அதற்கப்புறம்தான் 1956இல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. எனக்குப் பெரிதாகப் படுவது டாக்டர் எஸ்.பத்மாவதி செய்த வேலை. பர்மாவில் பிறந்து ரங்கூனில் மருத்துவம் படித்தவர், 1942இல் ஜப்பான் படை வந்தபோது தப்பித்துக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த குடும்பம் (பர்மாவுக்குத் தொழில் செய்யப் போனவர்கள் நிறைந்த உங்கள் பக்கம் இந்த மாதிரிக் கதைக்குப் பஞ்சமே இல்லை). பிறகு டெல்லியில் இதய மருத்துவர். நுரையீரல் கெட்டுப்போனதால் இதயத்தின் வலது பக்கம் இரத்தத்தைத் தள்ள முடியாமல் வீங்கித் தளர்ந்துபோகும் நோய் ஒன்று உண்டு. மேல்நாட்டில் அது பெரும்பாலும் சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு வருவது. டெல்லியிலோ பீடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெண்கள் அதோடு வந்து படுத்தார்கள். அவரும் உடன் பணியாற்றியவரும் 1959இல் அதை எழுதியபோது சமையல் புகையைத்தான் சந்தேகப்பட்டார்கள். அப்புறமும் கிராமத்து அடுப்படிக்குள் கருவியை வைத்துப் புகையை அளக்க, 1980களில் குஜராத்தில் கிர்க் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் செய்த வேலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சுரங்கத்தையும் ஆலையையும் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள், அடுப்படியைப் பற்றி எழுதியது ரொம்பக் குறைச்சல். அது பெண்கள் இருக்கிற இடம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் அப்பத்தா ஆயுசு முழுக்க விறகடுப்புதான், தொண்ணூறு தாண்டி நல்லாத்தானே இருந்தாங்க? அந்தக் காலத்து வீடுகளில் புகை வெளியே போகிற மாதிரித்தானே கட்டினார்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: தொண்ணூறு வரை இருந்தவர்கள் நம் ஞாபகத்தில் இருக்கிறார்கள். ஐம்பதில் இருமி இருமிப் போனவர்களை யார் எண்ணி வைத்தார்கள்?

வீட்டைப் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கடைசிக் கட்டில் அடுப்படி, பக்கத்திலேயே திறந்த முற்றம். முகப்பில் கணக்கெழுதுகிறவருக்குப் புகை வராது. ஐப்பசி மழையில் நனைந்த விறகை வைத்துக்கொண்டு, ஊதுகுழலில் வாயை வைத்து, கண்ணில் தண்ணீர் வழிய ஊதுகிறவருக்கு? கூரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் முதல் புகை அவர் முகத்தில்தான். அதே ஊரில், அதே விறகை, ஒற்றை அறைக் கூரை வீட்டில் எரித்தவர்களை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு நாலடி தள்ளித் தூளி தொங்கும். புகையில் வளரும் சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியா அதிகம் வருகிறது என்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம்.

கேள்வி: நான்தான் அந்த மகள். விண்ணப்பத்தில் எதை ஆராயப்போவதாக எழுதலாம்?
– தேவகோட்டை

பதில்: லண்டனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நீங்கள் உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தில் கரிமூட்டம் போடுகிறார்களே, அது ஒன்றே போதும். கட்டைகளை அடுக்கி, இலைதழை போட்டு, மண் பூசி மூடித் தீ வைத்தால் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனியும். எங்காவது வெடிப்பு விட்டுப் புகை பீறிட்டால் ஓடிப்போய் மண் அள்ளி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சாம்பல். ராத்திரியும் பக்கத்திலேயே படுத்துக்கிடந்து பார்த்துக்கொள்கிறவர்களின் நுரையீரலைப் பற்றிக் கேட்க ஆள் வேண்டாமா?

இன்னொன்று, வீட்டுக் கணக்கு நோட்டுகள். விறகு வண்டி எத்தனை, என்ன விலை, மண்ணெண்ணெய் எப்போது வந்தது, காஸ் எப்போது வந்தது என்பதெல்லாம் விசேஷச் செலவுக் கணக்கிலேயே இருக்கும். பழைய பத்திரிகைகளுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அந்தச் சேகரிப்பே உங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் சேர்த்ததுதான்.

ஆனால் முதல் வேலையாக, விறகடுப்பில் சமைத்தவர்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். வீட்டு ஆச்சிகளோடு நிறுத்திவிடாதீர்கள், கூலிக்குச் சமைக்க வந்தவர்களிடமும் போங்கள். நோட்டு இன்னும் பத்து வருஷம் பெட்டகத்தில் கிடக்கும். அவர்களில் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது.