ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு 7 மாதக் குழந்தை ஓயாமல் அழுகிறது, வாந்தி எடுக்கிறது. மூளை நரம்பில் ஏதாவது கோளாறா?

முதலில் பிள்ளையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பாருங்கள். புடைத்திருந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். புடைக்காவிட்டாலும் இன்றைக்கே காட்டிவிடுங்கள்.

நாங்கள் மலேசியாவில் பட்டர்வொர்த். மகனுக்கு ஐந்து மாதத்தில் பேம்பர்ஸ் போடும் இடம் சிவந்து புண்ணானது. தெரிந்த கடையில் ஒரு கிரீம் கொடுத்தார்கள், இரண்டே நாளில் ஆறியது. மறுபடி சிவக்கும், மறுபடி தடவுவேன், இப்படியே இரண்டு மாதம். கன்னம் உப்பிக் கண் சிறுத்துப் போனதைப் பார்த்து, பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான் என்று மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். கிளினிக்கில் ஒரு டாக்டர் டியூபைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் குழந்தைக்குப் போடலாமா?" என்று சத்தம் போட, அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன். படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

சில நாளில் குடித்த பாலெல்லாம் வாந்தி, தோளில் போட்டாலும் அழுகை. குளிப்பாட்டித் தலை துவட்டும்போது, எப்போதும் விரலுக்கு மெத்தென்று இருக்கும் உச்சிக்குழி மேடாக, இறுக்கமாகத் தட்டுப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான் தடவிய கிரீம் குளோபெட்டாசோல், ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு. பேம்பர்ஸ் மூடியிருந்ததால் தோல் வழியாக ரத்தத்தில் நிறையக் கலந்து, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டதாம். திடீரென்று நிறுத்தியதும் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறிவிட்டது. அப்படியே விட்டால் கண் நரம்பு கெடலாம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பும் வரலாம் என்றார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டைக் கொடுத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இப்போது நான்கு வயது, நன்றாக இருக்கிறான்.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டும் ஒரு முக்கிய மருந்து. நான் டாக்டரும் இல்லை. 'தாய்க்குத் தெரிய வேண்டாமா' என்று கேட்க வருகிறவர்கள், அந்த டியூபில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள். அந்த வாரம் வேலைக்குப் போகாததற்கு, ஆஸ்பத்திரிக் கடிதம் கொடுத்தும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் என் சம்பளத்தைப் பிடித்தார்கள், அது இன்னும் ஆறவில்லை.

நீங்கள் கொடுத்தது மருந்தா கிரீமா என்று எழுதவில்லை. எதுவானாலும் பாட்டிலையோ டியூபையோ கையோடு கொண்டுபோங்கள். நான் தூக்கிப் போட்டுவிட்டதால், ராத்திரி பதினோரு மணிக்குக் கடைக்காரரை எழுப்பித்தான் பெயர் கேட்க வேண்டியிருந்தது.