பெரிய லைட் வேண்டாம், சங்கிலியை இறக்குங்கள்

கேள்வி: பேஸ்மென்ட்டில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் விதை போட்டு மூன்று கிழமை ஆகிறது. பெட்டியில் ‘1000 வாட்’ என்று போட்டிருந்த எல்.ஈ.டி. பலகை ஒன்றை ஆன்லைனில் வாங்கிச் சீலிங்கில் கொளுவியிருக்கிறேன். தண்டெல்லாம் நூல் மாதிரி நீண்டு, தண்ணீர் விட்டதும் படுத்துவிடுகின்றன. இதைவிடப் பெரிய லைட் வாங்குவோம் என்கிறார் கணவர். வாங்கலாமா?
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: வாங்காதீர்கள். அளக்கும் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்குப் போங்கள். லைட்டுக்கும் நாற்றின் நுனிக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது? சீலிங்கில் கொளுவி, மேசையில் தட்டை வைத்திருந்தால் எப்படியும் நாலு அடி வரும். கோளாறு அங்கேதான்.

வெளிச்சம் தூரத்துக்குத் தூரம் மெலிந்துகொண்டே போகும். ஒற்றைப் பல்பு என்றால் ஓர் அடியில் இருப்பதில் 16-இல் ஒரு பங்குதான் நாலு அடியில் கிடைக்கும். பலகை அகலமானது என்பதால் அவ்வளவு மோசமாகக் குறையாது, ஆனாலும் குறையும். நம் கண்ணுக்கு அறை முழுக்கப் பளிச்சென்றுதான் தெரியும். நாற்றோ நிழலில் நிற்பதாக நினைத்து வெளிச்சத்தைத் தேடி எட்டி எட்டி வளர்கிறது.

இனி அந்த ‘1000 வாட்’. பலகையின் முதுகில் சின்ன எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரும்பாலும் அதில் 100 வாட் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். பெட்டியில் இருப்பது பழைய வகை விளக்குகளோடு ஒப்பிட்டு எழுதிய வியாபாரக் கணக்கு. வாங்கும்போது பார்க்க வேண்டியது, சுவரிலிருந்து உண்மையில் இழுக்கும் வாட் எவ்வளவு என்பது. கூடவே சி.எஸ்.ஏ. அல்லது சி-யு.எல். போன்ற கனடியப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத் தட்டுகளுக்கு மேலே நாளுக்கு 16 மணி நேரம் எரியப் போகிற சாமான் இது.

உண்மையிலேயே 100 வாட் இழுக்கும் பலகையானால் இரண்டு அடியில் தொடங்குங்கள். நாலைந்து நாள் பார்த்து, ஒன்றும் ஆகவில்லையென்றால் ஒன்றரை அடிக்கு இறக்கலாம். அவசரம் வேண்டாம். போன வருடம் நான் ஒரேயடியாக எட்டு அங்குலத்துக்கு இறக்கினேன். இரண்டாம் நாள் மிளகாய் இலைகளின் ஓரம் கிண்ணம் மாதிரி மேலே மடிந்து, நடுவில் வெளிறிப் போயிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. எல்.ஈ.டி.யில் இதுதான் சிக்கல்: சுடாமலே இலையைக் கருக்கிவிடும். ஆகவே கைச்சூட்டை நம்பாதீர்கள், இலையைப் பாருங்கள். நீண்டால் இறக்குங்கள், வெளிறினால் ஏற்றுங்கள்.

இதற்காகவே லைட்டைவிடக் கொளுவும் வகைக்குத்தான் நான் முக்கியம் தருவேன். ஏற்றி இறக்க முடியாத லைட் எவ்வளவு விலையானாலும் பயனில்லை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மெல்லிய சங்கிலியும் இரண்டு ‘எஸ்’ கொக்கியும் போதும். நாற்று வளர வளர ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கலாம்.

இன்னொன்று: பலகையின் நேர் கீழே வெளிச்சம் அதிகம், ஓரங்களில் குறைவு. இரண்டு நாளைக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி, ஓரத்தில் இருப்பவற்றை நடுவுக்கு மாற்றுங்கள்.

படுத்துவிட்ட தக்காளியைத் தூக்கி எறியாதீர்கள். பெரிய கப்புக்கு மாற்றும்போது வித்திலைக்கு (முளைத்ததும் முதலில் வரும் இலை) கிட்ட வரை தண்டை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். தக்காளித் தண்டு மண்ணுக்குள்ளும் வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்தத் தந்திரத்தை அவ்வளவு நம்ப முடியாது. மிகவும் நீண்டுவிட்டவற்றை விட்டுவிட்டு இன்றைக்கே திரும்ப விதையுங்கள். எப்படியும் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினத்துக்கு முன்னால் வெளியே வைக்கப் போவதில்லை. அடுத்த முறை முளை தலைகாட்டிய அன்றே லைட்டைப் போடுங்கள். இரண்டு நாள் பிந்தினாலே நீட்டம் தொடங்கிவிடும்.

கேள்வி: ஊதா நிற லைட்தான் செடிக்கு நல்லது என்கிறார்களே? சாதாரண கராஜ் டியூப் லைட் போதாதா?
– வாசகர், மார்க்கம்

பதில்: தாராளமாகப் போதும். செடி அதிகம் பயன்படுத்துவது சிவப்பும் நீலமும் என்பது சரிதான், அதனால்தான் அந்த ஊதா வந்தது. ஆனால் வெள்ளை எல்.ஈ.டி.க்குள்ளும் அவை இரண்டும் இருக்கின்றன. 5000 முதல் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வரை போட்டிருக்கும் டியூபை நாற்றுக்கு மேலே மூன்று நாலு அங்குலத்தில் வைத்தால் நன்றாகவே வரும். டியூபின் பலம் குறைவு என்பதால் அவ்வளவு கிட்ட வைக்கலாம். ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளிக்கிறதா, பூச்சி பிடித்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

கேள்வி: இரவு பகலாக எரிய விட்டால் சீக்கிரம் வளருமா? பில் எவ்வளவு வரும்?
– வாசகி, அஜாக்ஸ்

பதில்: வேண்டாம். தக்காளிக்கு இருட்டும் வேண்டும், ஓயாமல் வெளிச்சம் பட்டால் இலை மஞ்சளித்துப் பழுதாகும். 14 முதல் 16 மணி நேரம் போதும். 100 வாட் லைட் 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.6 யூனிட், மாதத்துக்கு 48 யூனிட். உங்களுடையது நேரத்துக்கேற்ற கட்டணம் என்றால், ஒன்டாரியோவில் வார நாட்களில் மாலை 7 முதல் காலை 7 வரை மலிவு. பேஸ்மென்ட் நாற்றுக்குச் சூரியன் எப்போது உதித்தால் என்ன? டைமரைப் பின்னேரம் 3 மணிக்கு எரியவும் காலை 7 மணிக்கு அணையவும் திருப்பி வையுங்கள். 16 மணியில் 12 மணி மலிவு நேரத்தில் போய்விடும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதும் லைட் எரிந்துகொண்டிருக்கும், இலைகளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்.